சொதப்பல் பிங்கோ: வரிசை ஏன் நிறைய மாட்டேங்குது?

அடுத்த கேள்வி. "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமா, பகடை உருட்டி, சேர்ந்து ஒரு கதையை நடத்துற விளையாட்டு) ஆடுற ராத்திரியில வழக்கமா நடக்குற சொதப்பல்களை வச்சு பிங்கோ அட்டை போட்டோம். அஞ்சுக்கு அஞ்சு, நடுக்கட்டம் இலவசம். நாலு மணி நேரம் ஆடியும் யாருக்கும் ஒரு வரிசைகூட நிறையல. அதோட ரெண்டு பேர் கட்டம் அடிக்கிறதுக்காகவே வேணும்னு சொதப்ப ஆரம்பிச்சிட்டாங்க. எப்படிச் சரி பண்றது?"

முதல்ல வரிசை விஷயம். அது முழுக்கக் கணக்கு. எண் கூப்பிடுற பிங்கோவுல யாராவது ஜெயிக்கிற வரைக்கும் எண் வந்துக்கிட்டே இருக்கும். இங்க செஷன் (ஒரு தடவை உக்காந்து ஆடுற ஆட்டம்) முடிஞ்சா சம்பவமும் நின்னுடும். ஒவ்வொரு சம்பவமும் நடக்கப் பாதி வாய்ப்புன்னு வச்சுக்கோங்க. நடுக்கட்டத்தைத் தொடாத வரிசைக்கு அஞ்சுமே நடக்கணும், அது 32-ல 1. நடுவுல போற வரிசைக்கு நாலு போதும், 16-ல 1. குறுக்க, நெடுக்க, மூலைக்கு மூலை எல்லாம் சேர்த்து மொத்தம் 12 வரிசை இருந்தும் பாதிக்கு மேல அட்டைகள் நிறையாமலே போயிடும். மூணுக்கு மூணு போட்டீங்கன்னா நடுவுல போற வரிசைக்கு ரெண்டே சம்பவம், 4-ல 1. ஓரத்து வரிசை 8-ல 1. அதனால ஒரே ராத்திரி ஆட்டத்துக்கு மூணுக்கு மூணு போடுங்க. அஞ்சுக்கு அஞ்சுதான் வேணும்னா, கேம்பெயின் (பல செஷனுக்குத் தொடர்ற ஒரே கதை) ஆடுறவங்க அதே அட்டையை அழிக்காம நாலஞ்சு செஷனுக்குக் கொண்டு போங்க.

இப்ப நாலு பேருக்கு அட்டை போடுற விதம். 20 சம்பவம் துண்டுச் சீட்டுல எழுதுங்க: சுலபமா நடக்குறது 6, நடுத்தரம் 10, அபூர்வம் 4. ஒவ்வொரு அட்டைக்கும் சுலபம் 2, நடுத்தரம் 5, அபூர்வம் 1 குலுக்கி எடுங்க. எடுத்ததை அடுத்த ஆளுக்கு முன்னாடி திரும்பப் போட்டுடணும்.

அட்டையில எங்க வைக்கிறோம்ங்கிறது இன்னும் முக்கியம். மூணுக்கு மூணுல மூலைக் கட்டம் மூணு வரிசையில வரும், பக்கத்து நடுக்கட்டம் (ரெண்டு மூலைக்கு நடுவுல இருக்குறது) ரெண்டு வரிசையிலதான் வரும். அபூர்வத்தை மூலையில வச்சா மொத்தம் இருக்குற 8 வரிசையில மூணு செத்துடும், அதனால பக்கத்து நடுவுல வைங்க. சுலபமான ரெண்டையும் நடுவுக்கு எதிரெதிரா வைக்கவே கூடாது. நடு இலவசம், ரெண்டு பக்கமும் சுலபம்னா முதல் அரை மணி நேரத்துலயே ஆட்டம் முடிஞ்சிடும்.

எது சுலபம், எது அபூர்வம்னு மனசுக்குத் தோணுறபடி முடிவு பண்ணாதீங்க. "யாராவது 20 முகப் பகடையில 1 போட்டா"ன்னு எழுதுறாங்க. ஒரு செஷன்ல எல்லாரும் சேர்ந்து 50 தடவை உருட்டினா, ஒரு 1-ஆவது விழ 92 சதவீத வாய்ப்பு. அது கிட்டத்தட்ட இன்னொரு இலவசக் கட்டம். "ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து ரெண்டு 1"ன்னு மாத்துங்க, சுமார் பத்து செஷன்ல ஒண்ணுலதான் வரும். அதுதான் சரியான அபூர்வம்.

வாசகத்துல நடந்துச்சா இல்லையான்னு வாக்குவாதத்துக்கு இடமே இருக்கக் கூடாது. "விதியைப் பத்தி சண்டை"ன்னா எது சண்டை? "ஒரு விதியைத் தேடி 5 நிமிஷத்துக்கு மேல புத்தகம் புரட்டினா"ன்னு எழுதுங்க. "பகடை தொலைஞ்சா" வேண்டாம், "பகடை மேசையை விட்டுத் தரையில விழுந்தா" போதும். பூட்டாத கதவு முன்னாடி 10 நிமிஷம் திட்டம் போடுறது, கான்சென்ட்ரேஷன் சோதனையை (அடிபட்டதும் போட்ட மந்திரம் நிலைக்குதான்னு உருட்டிப் பார்க்குறது) மறந்துட்டு அடுத்த சுற்றுல ஞாபகம் வர்றது, டன்ஜன் மாஸ்டர் (கதையை நடத்துறவர்) அந்த நிமிஷமே ஒரு கதாபாத்திரத்துக்குப் பேர் கண்டுபிடிக்க வேண்டி வர்றது, இதெல்லாம் அருமையான நடுத்தரக் கட்டங்கள். "ஒருத்தர் லேட்டா வந்தா"ன்னு எழுதாதீங்க. சின்னக் குழுவுல அது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த ஆளுக்குத்தான் வலிக்கும்.

வேணும்னே சொதப்புறதுக்கு ஒரே விதி போதும்: நீங்க உருட்டினது, உங்க கதாபாத்திரம் செஞ்சது எதுவும் உங்க அட்டையில அடிபடாது. நண்பருக்காக உதவிச் சொதப்பல் பண்ணாம இருக்க, அட்டையைக் கவிழ்த்தே வைங்க. "குழு பிரிஞ்சு போனா"ங்கிறது யாரும் நினைச்சா நடத்திடலாம். "பிரிஞ்ச பிறகு ரெண்டு பக்கமும் சண்டை தொடங்கினா"ன்னு போட்டா டன்ஜன் மாஸ்டர் கையிலயும் கொஞ்சம் இருக்கும். ஃபயர்பால் (வெடிக்கிற நெருப்பு மந்திரம்) நம்ம ஆள் மேலயே படுறதை மட்டும் எழுதவே எழுதாதீங்க. 20 அடி ஆரம், ஆறு முகப் பகடை 8, சராசரி 28 சேதம். ஏற்கெனவே அடிபட்ட மந்திரவாதி ஒரு கட்டத்துக்காகச் சாகுறது நியாயமே இல்ல.

கட்டம் அடிக்கிறதை வாய் திறக்காம அடிங்க, பிங்கோன்னு இடைவேளையில சொல்லுங்க. கதை உச்சத்துல இருக்கும்போது கத்தினா டன்ஜன் மாஸ்டர் கட்டி வச்ச சூழல் மொத்தமும் உடைஞ்சிடும். சந்தேகம் வந்தா அவர்தான் தீர்ப்பு, அதனால அவருக்கு அட்டை வேண்டாம். பரிசா தங்கமோ மந்திரப் பொருளோ கொடுத்தா கதாபாத்திரங்களுக்குள்ள சமநிலை கெட்டுடும். ஒரே ஒரு பகடையைத் திரும்ப உருட்டுற உரிமை கொடுங்க, அடுத்த செஷன் முடியறதுக்குள்ள பயன்படுத்திடணும்.