மூலையில் தொங்கிய சதுரம்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை இருட்டையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் நல்லூர்ப் பெருமக்களே, வணக்கம்.

கேத்திரகணித அரூப ஓவியங்களின் குழுக் கண்காட்சியொன்றைத் தொகுக்க ஏற்றவர் ஓவியரா, தூரிகை பிடிக்காத தொகுப்பாளரா என்பது இன்றைய வழக்கு. ஓவியரே என்பது எமது அணியின் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஓவியர் கண்காட்சியைத் தொகுப்பது தன் பிள்ளையின் சாதகத்தைத் தானே எழுதுவதற்கு ஒப்பானது என்றார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் சுவரில் தீர்மானிக்கப்படுவது பிள்ளையின் பெருமையன்று; எந்தப் படம் எதற்கு அருகில், எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் நிற்க வேண்டும் என்பதே.

உருவப்படம் ஒன்றைக் கவனமின்றி மாட்டினாலும் அதிலுள்ள முகம் நம்மோடு பேசிவிடும். கோடும் நிறமும் வெற்றிடமும் மட்டுமே உள்ள படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஓவியர் யோசெப் அல்பேர்ஸ் 1950 முதல் 1976 இல் இறக்கும் வரை, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த சதுரங்களையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தீட்டினார். ஒரே நிறம் அயல் நிறம் மாறியதும் வேறொரு நிறமாகத் தோன்றுவதை அவற்றில் காட்டினார். ஒரு சட்டத்துக்குள் நிகழும் இது, இரண்டு சட்டங்களுக்கு இடையிலும் நிகழும்.

இதை நான் கண்ணால் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்குப் படம் மாட்டப் போனவர்களில் நானும் ஒருவன். சாய்கோடுகள் மட்டுமே கொண்ட ஒரு படத்தை, மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டத்தை வைத்து எள்ளளவும் பிசகாமல் மாட்டினோம். தள்ளி நின்று பார்த்தால் இடப்பக்கம் சரிந்திருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவில்தான் நின்றது. பிறகு வந்த ஓவியர் அந்தப் படத்தைத் தொடவேயில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த, தடித்த கறுப்புப் பட்டை கொண்ட படத்தை ஒரு சாண் விலக்கச் சொன்னார். சரிவு மறைந்தது. சாயம் போட்ட ஓலையில் பாய் இழைக்கும் எங்கள் ஆச்சிமாரும் இப்படித்தான். பிசகு எங்கே என்று கேட்டால் பிசகிய கட்டத்தைக் காட்டமாட்டார்கள், அதற்கு நான்கு இழை முன்னால் விரலை வைப்பார்கள்.

வரலாற்றுக்கு வருகிறேன். 1915 இறுதியில் ரஷ்யாவின் பெத்ரோகிராட் நகரில் (இன்றைய சென் பீற்றர்ஸ்பேர்க்) '0.10' என்ற கண்காட்சியை ஒழுங்குசெய்தவர்கள் இவான் பூனியும் அவர் மனைவி க்சேனியா பொகுஸ்லாவ்ஸ்காயாவும்; இருவரும் ஓவியர்கள், இருவரும் அதில் பங்கேற்றவர்கள். அங்கே மலேவிச் என்ற ஓவியர் 39 படைப்புகளை வைத்தார். பக்கத்துக்கு 80 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தமது 'கறுப்புச் சதுரம்' என்ற ஓவியத்தை அவர் கண்மட்டத்தில் மாட்டவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி, ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் இடத்தில் மாட்டினார். எங்கள் வீட்டில் சாமிப்படம் இருக்கும் இடத்தில் ஒருவர் வெறும் கறுப்பைத் தொங்கவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த மூலையும் ஓவியத்தின் பங்கே. அதே கண்காட்சியில் பங்கேற்ற தாத்லின் என்ற கலைஞரும் தமது உலோக, மர அமைப்புகளை மூலைக்கென்றே ஆக்கியிருந்தார். இவ்விருவரின் பகையை எதிரணி நிச்சயம் எடுத்துக்காட்டும். பகை இருந்தது உண்மை. அந்தப் பகையோடும் கண்காட்சி நடந்தது, நூறு ஆண்டு கடந்தும் நாம் அதைப் பேசுகிறோம்.

வெளியில் நிற்பவர் நடுநிலையானவர் என்பதையும் நான் ஏற்கவில்லை. 1972 இல் தொகுப்பாளர் ஹரால்ட் ஸீமன் ஜேர்மனியின் 'டொகுமென்ரா' என்ற பெருங் கலைக் கண்காட்சியை ஐந்தாவது முறை நடந்தபோது தொகுத்தார்; அப்போது, கண்காட்சியே ஒரு கலைப்படைப்பாகக் காட்டப்படுகிறது என்று அதில் பங்கேற்ற கலைஞர் டானியல் பியூரன் குறைகூறினார். தொகுப்பாளருக்கும் தன்முனைப்பு உண்டு, படம் தீட்டாததால் அது வெளியே தெரிவதில்லை என்பதே வேறுபாடு. அந்த 'டொகுமென்ரா'வை 1955 இல் தொடக்கியவரோ ஆர்னல்ட் போட என்ற ஓவியர். கொழும்பில் 1943 இல் உருவான '43 குழு'வும் ஓவியர்கள் தாமே கூடித் தமக்கான காட்சியை அமைத்துக்கொண்டதுதான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். என் அணித்தலைவர் கோபித்தாலும் பரவாயில்லை. கண்காட்சிக் கையேட்டுக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை விமர்சகரிடமே கொடுக்கலாம், ஏனெனில் ஓவியர்களில் பலர் தம் படத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் படத்தையே மறைத்துவிடுகிறார்கள். ஆணியும் சுத்தியலும் மட்டும் ஓவியரின் கையில் இருக்கட்டும்.

முதல் மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வி, நடுவர் அவர்கள் அதற்கு விடை பெற்றுத் தர வேண்டும்: அந்தக் கறுப்புச் சதுரத்தை 1915 இல் உங்கள் தொகுப்பாளரிடம் கொடுத்திருந்தால், அவர் அதை எந்தச் சுவரில் மாட்டியிருப்பார்?