முதல் மூன்று மாத ஸ்கேனில் டாப்ளர்: எங்கே தேவை, எங்கே தேவையில்லை

[திரையில்: கறுப்பு வெள்ளை ஸ்கேன் படம். கரிய வட்டம், அதன் ஓரத்தில் துடிக்கும் ஒரு புள்ளி.]

இந்தக் கரிய வட்டம் கரு வளரும் நீர்ப்பை. அதன் ஓரத்தில் நெல்மணியை விடச் சிறியதாக ஒட்டியிருப்பது கரு; அதற்குள் விட்டுவிட்டு மினுக்குவது இதயத் துடிப்பு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், இது ஏறக்குறைய 6 வாரக் கர்ப்பம்.

இந்தத் துடிப்பைக் காதால் கேட்க வேண்டும் என்று தாய் ஆசைப்படுவது இயல்பு. டாப்ளர் பொத்தானை அழுத்தினால் ஒலி கேட்கும். ஆனாலும் அந்த வாரத்தில் அதை அழுத்தாமல் இருப்பதே நல்ல மருத்துவம். ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியலையின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு டாப்ளர் இரத்த ஓட்டத்தை அளக்கிறது. அதற்காக ஒரே இடத்தில் அலைகளை மீண்டும் மீண்டும் பாய்ச்சுவதால், சாதாரண ஸ்கேனை விட அதிக ஆற்றல் அந்தத் திசுவில் சேர்ந்து, சிறிது வெப்பம் உண்டாகலாம். இதனால் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் உறுப்புகள் உருவாகும் காலம் என்பதால் இந்த எச்சரிக்கை. துடிப்பை எண்ண, இதய அசைவைத் திரையில் அலைக்கோடாக வரைந்து காட்டும் எம்-மோட் முறை போதும்.

[திரையில்: எம்-மோட் கோட்டில் சீரான அலைகள்.]

துடிப்பு தெரியவில்லை என்றால் என்ன செய்வது? பல பெண்கள் கலங்கிப்போகும் இடம் இதுதான். மாதவிலக்கு சீராக வராதவர்களுக்குக் கரு தாமதமாகத் தரித்திருக்கலாம். 6 வாரம் என்று நினைத்தது 5 வாரமாகவும் இருக்கலாம். ஆகவே, யோனி வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் உள்ளே கரு இல்லை என்ற நிலையில்தான், கர்ப்பம் தொடரவில்லை என்று சொல்ல முடியும். அதற்குக் குறைந்த அளவுகளில், ஒரு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ காத்திருந்து மறுபடி பார்ப்பதே முறை. அந்தக் காத்திருப்பு கடினமானது. அவசர முடிவு அதைவிடக் கொடியது.

டாப்ளர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாகி, வயிற்று வலியும் இருந்து, கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை என்றால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் வண்ண டாப்ளரில், அங்கே கட்டி போல் தெரியும் கருவைச் சுற்றி நெருப்பு வளையம் போல் இரத்த ஓட்டம் தெரியலாம். ஆனால் முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் உருவாகும் கார்பஸ் லூட்டியமும் அதே வளையத்தைக் காட்டும். இங்கே வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. ஸ்கேன் கருவியால் மெதுவாக அழுத்தும்போது கட்டி சினைப்பையோடு சேர்ந்து நகர்ந்தால், அது பெரும்பாலும் சினைப்பையைச் சேர்ந்தது. தனியாக நழுவினால், கருக்குழாய்க் கர்ப்பம் என்ற சந்தேகம் வலுக்கிறது. முந்தைய சிசேரியன் தழும்பில் கரு பதிந்திருக்கிறதா என்பதைக் கண்டறியவும் வண்ண டாப்ளர் உதவுகிறது.

[திரையில்: கர்ப்பப்பைத் தமனியின் அலை வரைபடம்.]

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாட்கள் வரையிலான ஸ்கேனில் நிலைமை மாறுகிறது. தாயின் கர்ப்பப்பைத் தமனிகளில் இரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பை டாப்ளரால் அளந்து, அதனுடன் இரத்த அழுத்தத்தையும் பிற விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால், முன்சூல்வலிப்பு (கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் உயரும் சிக்கல்) வரும் வாய்ப்புள்ளவர்களை முன்கூட்டியே அறியலாம். அவர்களுக்கு 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க மருத்துவர் முடிவெடுக்க முடியும். தமனியை அளக்கும்போது அலைக்கற்றை குழந்தையின் மேல் படாதபடி கருவியைத் திருப்பலாம். குழந்தையின் மீதே டாப்ளர் வைக்க நேர்ந்தால், திசு எவ்வளவு சூடாகக்கூடும் என்பதைத் திரையில் காட்டும் வெப்பக் குறியீடு 1.0-ஐத் தாண்டாமல், தேவையான சில நிமிடங்களுக்குள் அளவீட்டை முடித்துவிட வேண்டும்.