இடுப்பு ஒடிஞ்ச பிரமிடு: 47 மீட்டர் உயரத்துல என்ன ஆச்சு?

[காட்சி: தாஷூர் பாலைவனம், ட்ரோன் ஷாட்]

கெய்ரோவுக்குத் தெற்கே தாஷூர்ல இருக்கிற இந்தப் பிரமிடை நல்லா பாருங்க. கீழே ஒரு சாய்வு, மேலே வேற சாய்வு. வேற்றுக்கிரகவாசிதான் பிரமிடு கட்டினான்னு சொல்ற உங்க நண்பருக்கு இதை அனுப்புங்க. விண்கலம் ஓட்டி வந்தவனுக்கு மண்ணு தாங்குமான்னு பார்க்கத் தெரியாதா?

எதுக்குக் கட்டினாங்க? ராஜாவோட கல்லறை, அவ்ளோதான். கட்டினவர் ஸ்னெஃப்ரு, சுமார் கி.மு. 2600. கீசா பெரிய பிரமிடு கூஃபுவோட அப்பா.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். எகிப்து மேஸ்திரிக்கு டிகிரி கிடையாது. படிப்பைச் சொல்லல, கோணத்தைச் சொல்றேன்! அவங்க கணக்குக்குப் பேர் செக்கெட். ஒரு முழம் மேல போனா கல்லு எவ்ளோ உள்ள தள்ளணும்? அந்த அளவுதான் செக்கெட். அவங்க முழம் 7 உள்ளங்கை அகலம், ஒவ்வொண்ணும் 4 விரல். ஆக 28 விரல், நம்ம கணக்குல 52 சென்டிமீட்டர் சொச்சம். முழக்கோலும் தூக்குக்குண்டும் இருந்தா போதும், சாய்வு பிசகாது.

[காட்சி: குறுக்குவெட்டுப் படம்]

தாஷூர்ல முதல்ல வச்ச சாய்வு கிட்டத்தட்ட 60 டிகிரி. அடியில பாறை இல்ல, சரளையும் களிமண்ணும். பாரம் ஏற ஏற மண்ணு அமுங்க, உள்ள அறைகள்ல விரிசல் விட்டுது. கல்லுகளையும் உள்பக்கம் சாய்ச்சு அடுக்கியிருந்தாங்க. பிடிமானம்னு நினைச்சது நடுவுல நெருக்க ஆரம்பிச்சுது.

முதல் வைத்தியம்: சுத்தி ஒரு கல் போர்வை. அடிப்பக்கம் 189 மீட்டர் ஆச்சு, செக்கெட் 5 உள்ளங்கை, அதாவது 54 டிகிரி. போர்வையும் அதே மண்ணு மேலதானே நிக்குது? விரிசல் நிக்கல. சாந்து வச்சு அடைச்சாங்க, மேல் அறையில லெபனான் கேதுரு மர உத்தரங்களை முட்டுக்கொடுத்தாங்க. அந்த மரம் இன்னிக்கும் அங்கேயே இருக்கு!

47 மீட்டர் எட்டினதும் ஒரே முடிவு: செக்கெட்டை 5-லேருந்து ஏழரை ஆக்கு. சாய்வு 43 டிகிரிக்கு இறங்குச்சு. கணக்கைப் பாருங்க: அதே அகலத்துக்கு மேல எழும்ப வேண்டிய உயரம் மூணுல ரெண்டா சுருங்குது, அதனால மேல்பகுதிக் கல்லுல மூணுல ஒரு பங்கு மிச்சம். மேல்பகுதிக் கல்லை அநேகமா மட்டமாவே அடுக்கினாங்க. 132 மீட்டருக்குப் போக வேண்டியது 105-லேயே முடிஞ்சுது. ஆனா விழல. என்னைக் கேட்டா, பெரிய பிரமிடைவிட இந்த முடிவுக்குத்தான் கைதட்டணும்.

அடுத்து பக்கத்துலயே சிவப்புப் பிரமிடு: ஆரம்பத்துலேருந்தே 43 டிகிரி, 220 மீட்டர் அடி. சூடு கண்ட பூனை! மகன் கூஃபு கீசாவுல பாறை மேல உக்காந்தார், அஞ்சரை உள்ளங்கைக்குத் துணிஞ்சார், 146 மீட்டர் தொட்டார்.

அவர் மகன் காஃப்ரே வச்ச செக்கெட் 5 உள்ளங்கை, 1 விரல். விரல்லயே போடுங்க: 28-க்கு 21. ரெண்டையும் 7-ஆல வகுத்தா பள்ளிக்கூடத்துல பார்த்த ஒரு முக்கோணம் வரும். எதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, கூகுள் பண்ணக் கூடாது.