நிலத்தடி நீருக்குக் கட்டம் போடுவது

வணக்கம் நேயர்களே. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கிணற்று நீர் உப்பான கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இறைத்த இறைப்பில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கியது. கடல் உள்ளே வந்தது. இனி எவ்வளவு இறைத்தால் உப்பு எதுவரை வரும்? கணினியில் கணக்கிடலாம். ஆனால் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். கட்டத்துக்கு ஒரே ஒரு நீர்மட்டம். பக்கத்துக் கட்டத்தோடு உள்ள மட்ட வித்தியாசத்தைப் பார்த்து, பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-இல் சொன்ன விதிப்படி, எவ்வளவு நீர் நகரும் என்று கணக்குப் போடும்.

கட்டத்தின் அளவில்தான் நான் ஆரம்பத்தில் சறுக்கினேன். பக்கத்துக்கு 1 கிலோமீட்டர் என்று சதுரம் போட்டு, நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணற்றை வைத்தேன். கணினியில் தண்ணீர் தாராளம். ஊரிலோ மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கணினி சொன்னது கிணற்றுக்குள் இருக்கும் மட்டமே அல்ல. சதுரத்தின் பக்க நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தூரம் தள்ளி இருக்கும் மட்டம். 200 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறேன்!

சரி, எல்லாக் கட்டத்தையும் சின்னதாக்கிவிடலாமே? 40 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம் உள்ள ஒரு படுகைக்கு 1 கிலோமீட்டர்ச் சதுரம் என்றால் 1,200 கட்டங்கள். 100 மீட்டர் என்றால் 1,20,000. அதுவும் ஓர் அடுக்குக்கு மட்டும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1984-இல் வெளியிட்ட, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மாட்ஃப்ளோ மென்பொருளில் கட்டங்கள் தறியில் பாவும் ஊடும் போல. கிணற்றருகே இழையை நெருக்கினால் அந்த நெருக்கம் துணியின் ஓரம்வரை ஓடும். 2013-இல் வந்த மாட்ஃப்ளோ-யுஎஸ்ஜி அந்தத் தொல்லையை நீக்கியது. வேண்டிய இடத்தில் மட்டும் சதுரத்தை நான்காக, அதையும் நான்காக உடைக்கலாம், அறுகோணம்கூடப் போடலாம். ஒரே நிபந்தனை, இரு கட்டங்களின் மையங்களை இணைக்கும் கோடு அவற்றுக்கு இடையிலுள்ள பொதுச்சுவரைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். பெரிய சதுரத்தை ஒட்டி இரண்டு சின்னச் சதுரங்கள் வந்தாலே இது கெட்டுவிடும். அதற்குத் தனியாக ஒரு திருத்தக் கணக்கு உண்டு.

அப்புறம், உப்பு. பெரிய கட்டத்துக்குள் கொஞ்சம் உப்பு நுழைந்தாலும் கட்டம் முழுக்கக் கலந்துவிட்டதாகவே கணக்கு. உடனே அடுத்த கட்டத்துக்கும் கசியும். நிஜ உப்பைவிடக் கணினி உப்பு முன்னே ஓடும். அதனால் மீஞ்சூர் போன்ற இடத்தில் கிணற்றுக்கும் முன்னால் கடற்கரைக்குத்தான் சின்னக் கட்டம் போடுவேன். மேற்கே போகப் போக மெல்லப் பெரிதாக்குவேன், ஒன்றைவிட அடுத்தது ஒன்றரை மடங்கைத் தாண்டாமல்.

நன்றி, வணக்கம்.