அப்பளம் பொரியும், அண்ணே!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்களே, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நாட்டின் எரிசக்தித் தேவைக்கு வெயிலும் காற்றும் சிக்கனமும் போதும் என்பது எங்கள் அணி. எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? "ராத்திரி எட்டு மணிக்குச் சூரியனை வைத்து ஓர் அப்பளம் பொரித்துக் காட்டுங்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

எங்கள் பெரியப்பா மொட்டைமாடியில் சோலார் போட்டார். பெரியம்மா வடாம் காயப்போடும் இடம் போயிற்று. தினமும் விடியற்காலையில் வாளியும் துணியுமாக ஏறித் தகடுகளைத் துடைக்கிறார். கீழே பெரியம்மா, "மழை வருது, வடாமை எடுங்கன்னா முழங்கால் வலிம்பார். அவளைக் குளிப்பாட்ட மட்டும் வலிக்கலையா?" என்கிறார். அவள் யார்? சோலார் தகடு! அதோடு விட்டாரா? 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் ஃபேன் மாட்டினார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன், ஃபேன் நின்றது. உட்கார்ந்தேன், ஓடியது. செருப்பைத் தேட எழுந்தேன், நின்றது. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருக்கிறார் ஐயா! "மெதுவா மூச்சு விடுப்பா, அதுக்கும் யூனிட் பார்ப்பார்" என்கிறார் பெரியம்மா. கரண்ட் பில்லைப் பேரன் போட்டோ மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் எல்லோருக்கும் காட்டுகிறார்.

சரி, அப்பளத்துக்கு வருகிறேன். அண்ணே, கோவை மாவட்டத்தில் காடம்பாறை என்று ஒரு மின்நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பகல் வெயிலை அப்படி ஏற்றி வைத்தால் ராத்திரி கரண்ட் அடுப்பில் அப்பளம் என்ன, பூரியே பொரியும்! நீங்கள் நம்பும் சிலிண்டர் எங்கிருந்து வருகிறது? நாடு எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் வராவிட்டால் உங்கள் அப்பளம் பட்டினி, அண்ணே!

முப்பந்தல் காற்றாலையும் கமுதியின் 648 மெகாவாட் சோலாரும் இருக்கட்டும். தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை வளைகுடாவில் இருக்கிறான்? அந்த வெயிலில் கம்பி கட்டிக் காசு அனுப்புகிறான். அந்தக் காசை நாம் எண்ணெய் வாங்க அங்கேயே திருப்பி அனுப்புகிறோம். அங்கே அவனைச் சுடுகிற அதே சூரியன் இங்கே சும்மா காய்கிறது! தங்கை கல்யாணத்தை வீடியோ காலில் பார்த்த பிள்ளை அவன். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் அவன் அம்மா முகத்தை ஒருமுறை பாருங்கள். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்!