புற்றுச் செல் ஒதுக்கி வைக்கும் செய்திகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீசியஸ் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிக்குத் தாயகம் அண்டைத் தீவான மடகாஸ்கர். அச்செடி தரும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய மருந்துகள், செல் பிரியும்போது மரபுப்பொருளை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழாய்கள் உருவாவதைத் தடுத்துப் புற்றுச் செல் பிரிவதை நிறுத்துகின்றன. இவ்வகை மருந்து பட்ட செல்களில், உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில், ஆர்.என்.ஏ.வும் புரதமும் திரண்ட நுண்துகள்கள் தோன்றுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நெருக்கடித் துகள்கள் எனப்படும் அவற்றைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

மரபணுவைக் கட்டுப்படுத்துவது என்றால், உட்கருவில் டி.என்.ஏ.வைப் படியெடுக்காமல் விடுவது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் படியெடுக்கப்பட்டு வெளியே வந்த, புரதம் செய்வதற்கான செய்தியை ஏந்திய தூது ஆர்.என்.ஏ.வையும் செல்லால் நிறுத்தி வைக்க முடியும். வெப்பமோ, ஆக்சிஜன் குறைவோ, ஆர்செனிக் போன்ற நஞ்சோ தாக்கும்போது, புரத உற்பத்தியைத் தொடங்கி வைக்கும் காரணிகளுள் ஒன்றின் மீது பாஸ்பேட் ஏறி, உற்பத்தி முடங்குகிறது. புரதம் செய்யும் இடங்களான ரைபோசோம்களிலிருந்து கழன்ற தூது ஆர்.என்.ஏ.க்களை ஜி3பிபி1 முதலிய புரதங்கள் பற்றிக்கொள்ள, நீரில் எண்ணெய்த் துளிகள் சேர்வதைப் போல, சவ்வு ஏதுமின்றியே அவை திரள்கின்றன. இவையே நெருக்கடித் துகள்கள்; இவை 1980களில் வெப்பமேற்றிய தக்காளிச் செல்களில் விவரிக்கப்பட்டன. நெருக்கடி நீங்கினால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

இவற்றுக்கு உறவான பி துகள்களில் ஆர்.என்.ஏ.வின் நுனியைக் காக்கும் முனைத்தொப்பியை அகற்றிச் சிதைக்கும் நொதிகள் குவிந்திருக்கின்றன. ஈஸ்டில் செய்த ஆய்வை வைத்து 2003இல் இவை சிதைவுக் கூடங்களாகக் கருதப்பட்டன. மனிதச் செல்களிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வோ, அவற்றுள் இருப்பவை பெரும்பாலும் அழியாமல் அடங்கிக் கிடக்கும் ஆர்.என்.ஏ.க்களே என்று காட்டியது. என் பார்வையில், இத்துறையின் சுவையான திருப்பம் இதுதான்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். கட்டியின் உட்பகுதியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு. நெருக்கடியே அங்கு அன்றாட நிலை. கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் செல் வளர்ச்சியைத் தூண்டும் கே-ராஸ் மரபணு பிறழ்ந்திருக்கிறது. அப்பிறழ்வுள்ள செல்கள் நெருக்கடித் துகள்களை மிகுதியாக உருவாக்குவதோடு, ஒரு கொழுப்புவகைச் சேர்மத்தைச் சுரந்து, பிறழ்வில்லாத அண்டைச் செல்களையும் அவ்வாறே செய்யத் தூண்டுகின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலும், செல்லைத் தன்மடிவுக்கு, அதாவது தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்குத், தள்ளும் சமிக்ஞைக்குத் தேவையான ராக்1 என்ற புரதம் துகளுக்குள் அகப்பட்டுக்கொள்வதால், மடிய வேண்டிய செல் பிழைத்துக்கொள்கிறது. கீமோதெரபி மருந்தைச் சில செல்கள் தாங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு வழி.

ஆகவே துகள் திரள்வதைத் தடுக்கும் சேர்மங்களைத் தேடுவது இயல்பே. எனினும் நலமான செல்லுக்கும் இத்துகள்கள் வேண்டியிருக்கின்றன; வைரஸை எதிர்ப்பதிலும் அவை உதவுகின்றன. அதனால்தான் போலியோ வைரஸ் தன் பெருக்கத்தின்போது தன் நொதியால் ஜி3பிபி1ஐ வெட்டித் துகள் திரள்வதைக் குலைக்கிறது. புற்றுச் செல்லில் மட்டும் துகள் திரள்வதைத் தடுப்பதே மருந்து தேடுவோரின் சிக்கல்.