கிணற்றுத் தண்ணீரும் கறுப்பு மையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சான் காற்று அடிக்கும் ஒரு காலை. என்னிடம் முன்பு இரசாயனவியல் படித்த பையன் ஒருவன் தொலைபேசியில் வந்தான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், அவனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். திருகோணமலை நகருக்குள் ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறான். "சேர், பிரின்டரில கறுப்பு வருதில்லை. மற்றக் கலர் எல்லாம் வருது" என்றான். கிளீனிங் கொடுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். நாலு தரம் கொடுத்தானாம். சரி என்று நேரில் போனேன்.

கொஞ்ச நேரம் துருவிக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. கறுப்பு மைப் போத்தல் விலை கூடிப்போனதால் மீதியிருந்த மையோடு தண்ணீர் கலந்திருக்கிறான். என்ன தண்ணீர் என்றேன். "வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் சேர். வடிச்சுத்தான் ஊத்தினனான்" என்றான். அந்தப் பிரின்டரின் தலை, அதாவது கடதாசிக்கு மேலே ஓடி மையைத் துளியாக விடும் பகுதி, பிறகு உயிர்பெறவே இல்லை. புதிய தலை வாங்கிய காசுக்கு எத்தனை போத்தல் மை வாங்கியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்திலேயே அந்தக் கணக்குத் தெரிந்தது.

ஆனால் அவன் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. "மையில பாதிக்கு மேல தண்ணி எண்டுதானே சேர் சொல்லுறாங்கள். தண்ணிக்குள்ள தண்ணி விட்டதால என்ன பிழை?" இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. வீட்டிலும் கடையிலும் இருக்கும், மையைத் துளியாக அடிக்கும் இன்க்ஜெட் பிரின்டரின் மையில் பெரும்பங்கு தண்ணீர்தான், அதுவும் உப்பெல்லாம் நீக்கிய சுத்தமான நீர். நிறம் தரும் பொருள் நூற்றுக்குச் சில பங்குதான். மிச்சம் கிளிசரின், கிளைக்கோல் வகைகள், சவர்க்காரத்தின் உறவுக்காரர்களான சில பொருள்கள், காரத்தன்மையைக் காப்பதற்கு ஒன்று, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக அளந்து போட்டது.

இந்த மையிடம் நாம் கேட்கும் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தலைக்குள் மாதக்கணக்கில் கிடந்தாலும் காயக்கூடாது, கடதாசியில் விழுந்த கணமே காய வேண்டும். உள்ளே தண்ணீரோடு ஒட்டி உறவாட வேண்டும், வெளியே வந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையக்கூடாது. பிறந்த வீட்டில் ஒரு குணம், புகுந்த வீட்டில் நேர்மாறான குணம். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான்.

துளியின் அளவையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பிரின்டரில் ஒரு துளி 2 பிக்கோலீற்றர் அளவில் இருக்கும். ஒரு மில்லிலீற்றர் மையில் அப்படி 50 கோடித் துளிகள். துளியின் குறுக்களவு 16 மைக்ரோமீற்றர், தலைமயிரின் தடிப்பில் நாலில் ஒன்று வரும். அது வெளியே வரும் துவாரமும் அந்த மட்டில்தான் இருக்கும், 20 மைக்ரோமீற்றர் போல.

இவ்வளவு சிறிய துவாரத்தால் மையை எப்படித் தள்ளுவது? 1977இல் ஜப்பானின் கெனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்பவர், மை நிரப்பிய ஊசியில் சூடான பற்றாசுக்கோல் தற்செயலாகப் பட்டு மை சீறியதைக் கண்டார். அதே யோசனைதான் குமிழி முறையாக வளர்ந்தது. துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நுண்ணிய சூடாக்கி, செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கு நேரத்துக்குள் 300 பாகை செல்சியசைத் தாண்டும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மை ஆவியாகிக் குமிழி ஆகும். குமிழி தள்ளும், துளி பறக்கும். இன்னொரு முறையில் சூடே இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் ஒரு பளிங்கு, மையைப் பிதுக்கிவிடுகிறது. எங்கள் தம்பியின் கடையில் இருந்தது இந்தப் பிதுக்கும் வகை.

சூடாக்கும் வகையில் ஒரு தொல்லை உண்டு. மையில் உள்ள சில பொருள்கள் சூடாக்கியின் மேல் கருகிப் படியும். படியப் படியச் சூடு மைக்குப் போகாது, துளி சோர்ந்துவிடும். இதற்குக் கொகேஷன் என்று பெயர். இலத்தீன் சொல் என்றுதான் நான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். பார்த்தால் கருகல் என்று பொருள்படும் 'கொகே' என்ற ஜப்பானியச் சொல்லில் இருந்து வந்ததாம். நம் வீட்டில் பானை அடிப்பிடிக்கிறது என்பார்களே, அதே சங்கதி. அங்கேயும் சோறு ஆக்குகிறவர்கள்தானே. இதைத் தடுக்கத்தான் சாயத்தில் ஒட்டியிருக்கும் உலோக உப்புக்களை வடித்தெடுத்து, சாயத்தை மேலும் தூய்மையாக்கி மை செய்கிறார்கள். துணிச் சாயத்துக்குப் போதுமான தூய்மை இங்கே போதாது.

இனிக் கிளிசரின். கச்சான் அடிக்கும்போது துவைத்த சாரம் அரை மணியில் காய்ந்துவிடுகிறது. 20 மைக்ரோமீற்றர் துவாரத்தின் வாயில் நிற்கும் மை எவ்வளவு நேரம் தாங்கும்? கிளிசரின் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். அது இல்லாவிட்டால் செக்கன் கணக்கிலேயே வாய் அடைக்கத் தொடங்கிவிடும். அதிகம் போட்டாலோ பாகுத்தன்மை கூடித் துளி வால் நீண்டு இழுபடும், கடதாசியிலும் காயாது. அதனால்தான் வெயில் காலத்தில் பிரின்டரைக் கிழமைக்கு ஒரு தரமாவது ஓடவிடுங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்கிறேன். வேலை முடிந்ததும் சுவிட்சைப் பிடுங்காமல், பிரின்டரின் பொத்தானாலேயே நிறுத்துங்கள். அப்போதுதான் தலை தன் மூடியில் போய் ஒழுங்காக உட்காரும்.

மாரியில் தொல்லை மறுபக்கம். வாடைக் காற்றோடு கடதாசிக் கட்டே குளிர்ந்து நமர்த்துப் போகிறது. தண்ணீரின் பரப்பிழுவிசை 72 அலகு என்றால், மையில் சவர்க்கார வகையைச் சேர்த்து அதை 30 அலகுக்கும் 45 அலகுக்கும் இடையே இறக்கிவைத்திருப்பார்கள். அதற்கும் கீழே போனால் மை கடதாசி நாரின் வழியே ஓடி, எழுத்துக்கு மீசை முளைக்கும். ஈரக் கடதாசி அந்த மீசைக்கு உரம் போடுகிறது. கட்டைப் பிரித்ததும் மிச்சத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். ஆரம்ப கால இன்க்ஜெட் கறுப்புக்கு, 'ஃபூட் பிளாக் 2' என்று உணவுச் சாயப் பட்டியலில் பெயர் பெற்ற சாயத்தை எடுத்தார்கள். சல்போனிக் அமிலக் கூட்டங்கள் என்ற அணுத் தொகுதிகள் ஒட்டியிருப்பதால் தண்ணீரில் அருமையாகக் கரையும். துவாரத்துக்குள் ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் எல்லாம் கடதாசியில்தான். வேர்த்த விரல் பட்டாலே எழுத்து அழியும். பிரித்தானியாவின் ஐசிஐ நிறுவனத்து இரசாயனவியலாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான். சல்போனிக் கூட்டங்கள் சிலவற்றின் இடத்தில் காபொக்சிலிக் அமிலக் கூட்டங்களை வைத்தார்கள். அமோனியா சேர்ந்த காரக் கரைசலில் இந்தச் சாயம் நன்றாகக் கரைந்திருக்கும். கடதாசியில் விழுந்ததும் அமோனியா பறந்துவிடும், காரத்தன்மை இறங்கும், சாயம் தண்ணீரை விட்டு விலகிப் படியும். உயர்தரப் பிள்ளைகளுக்கு மென்னமிலம், வன்னமிலம் படிப்பிக்கும்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அன்றைக்கு மட்டும் பின் வாங்கில் இருக்கிற பிள்ளைகளும் கண் விழித்திருப்பார்கள்.

இருந்தாலும் கறுப்புக்குக் கடைசியில் வென்றது சாயம் இல்லை, கரி. 1990களின் முற்பகுதியில் அலுவலகப் பிரின்டர்களுக்குள் காபன் கரி மை வந்தது. இது எங்களுக்குப் புதிதா என்ன? எழுத்தாணியால் கீறிய ஓலையில் விளக்குக் கரியை இலைச்சாறோடு பூசித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கரி நிற்கும். அந்த எழுத்து நூற்றாண்டு தாண்டியும் வெளிறுவதில்லை, ஏனென்றால் வெளிச்சமும் காற்றும் காபனை ஒன்றும் செய்யமாட்டா. ஓலையைச் செல் அரிக்கும், மையை அரிக்காது.

ஆனால் கரி தண்ணீரில் கரையாது. மிதக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு துகளும் 100 நானோமீற்றர் அளவு. துவாரத்தோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்கு, அதனால் ஒன்றொன்றாகப் போனால் தடையே இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால்தான் ஆபத்து. அதைத் தடுக்கத் துகளின் மேற்பரப்பில் மறை மின்னேற்றத்தைப் பூசி வைத்திருக்கிறார்கள். ஒரே ஏற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும். சண்டைக்காரர் எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறியது போல, ஆளுக்கு ஆள் விலகி நிற்பார்கள்.

நம் தம்பியின் கிணற்றுத் தண்ணீர் இங்கேதான் நுழைகிறது. அவன் வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்த்தேன். அடியில் வெள்ளைப் படிவு நாணயத் தடிப்பில் இருந்தது. கல்சியம். இரண்டு நேர் ஏற்றம் கொண்ட கல்சியம் அயன் கரித் துகளுக்குப் பக்கத்தில் வந்ததும் மறை ஏற்றத்தைச் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது. இரண்டு துகளை ஒரே அயன் பிடித்துக் கட்டியும் வைக்கும். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை என்றானதும் துகள்கள் திரள்கின்றன. பாலில் தேசிக்காய்ப் புளி விட்டது போல மை திரைந்துவிட்டது. அவன் வடித்தது மண்ணையும் தூசையும்தான், கரைந்திருக்கும் கல்சியத்தைத் துணியால் வடிக்க முடியுமா? நிறச் சாயங்கள் கரைசலாக இருந்ததால், அதோடு அவற்றில் அவன் கை வைக்காததால், தப்பின.

இதில் ஒரு வேடிக்கை. எந்தக் கல்சியம் தலையைக் கொன்றதோ, அதையே மை செய்கிறவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சில பிரின்டர்களில் நிற மைக்குள் கல்சியம் உப்புப் போன்ற ஒன்றைக் கொஞ்சம் வைத்திருப்பார்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு விழுந்தால் இரண்டும் கலந்து அழுக்காகாமல், எல்லையிலேயே கறுப்பு திரைந்து நின்றுவிடும். கடதாசிப் பொதியில் கலர்லொக் என்ற அடையாளம் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடதாசியின் மேற்பரப்பிலும் கல்சியம் உப்பு உண்டு. கரி உள்ளே இறங்க முதல் மேலேயே திரைகிறது, எழுத்து கூடுதல் கறுப்பாகத் தெரிகிறது.

வெளிறும் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதே கடையில் பழைய போட்டோகொப்பி மெசினுக்கு மேலே ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தது. இன்க்ஜெட்டில் அடித்த படம். எல்லா முகமும் செம்மஞ்சளாகிவிட்டது. வெயில்தான் காரணம் என்று நினைத்தான், அந்தச் சுவரில் வெயிலே படாது. உயர் மின்னழுத்தக் கம்பி கொண்ட பழைய கொப்பி மெசின்கள் ஓசோனைக் கக்கும். நீல நிறத்துக்குப் பயன்படுத்தும் செப்பு தாலோசயனின் சாயத்தின் வளையத்தை அந்த ஓசோன் உடைத்துவிடும். நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். 2000ஆம் ஆண்டளவில் வீட்டில் அடித்த புகைப்படங்கள் சில கிழமைகளிலேயே செம்மஞ்சளாகிப் பெரிய சலசலப்பே எழுந்தது. உடனே காயும் நுண்துளைக் கடதாசி அப்போதுதான் பரவியிருந்தது. மை நுழையும் துளையால் காற்றும் நுழைகிறது. இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் கூட்டங்களைச் சாயத்தோடு சேர்த்து, ஓசோனுக்கு இலத்திரன் எளிதில் கிடைக்காதபடி செய்ததுதான் பின்னர் வந்த திருத்தம். நம்மால் முடிந்தது படத்துக்குக் கண்ணாடி போடுவது.

இனி வெள்ளை. கறுப்புத் துணியில் எந்த நிறம் அடித்தாலும் தெரியாது, முதலில் வெள்ளை அடித்துத்தான் மேலே நிறம் போட வேண்டும். அந்த வெள்ளை டைட்டேனியம் டைஒக்சைட்டு. அதன் மூலப்பொருள் எங்கே என்று கேட்டால் வடக்கே புல்மோட்டைக் கடற்கரையைக் காட்டுவேன். அங்கே மணல் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும். கூடவே ரூட்டைல், சேர்க்கன் என்ற கனிமங்கள். இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, படிய வைத்து, சூளையில் சுட்டால் பால் வெள்ளைத் தூள் வரும். நம் மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. அது வேறு நாளைக்கு வைக்க வேண்டிய கதை.

வெள்ளை மைக்கு ஒரு தலைவலி, பாரம். டைட்டேனியம் டைஒக்சைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல நாலு மடங்குக்கு மேல். துகளைக் கரியைப் போலச் சிறிதாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஆக்கலாம், ஆனால் வெளிச்சத்தைச் சிதறடித்து அடியில் உள்ளதை மறைக்க 200, 300 நானோமீற்றர் பருமன் தேவை. அதைவிடச் சிறுத்தால் வெள்ளை கண்ணாடி போல ஆகிவிடும். திரவத்துக்குள் துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும், உயர்தரப் பௌதிகத்தில் படித்த ஸ்டோக்சின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைப் போல நாலு மடங்கு பாகுத்தன்மையுள்ள மையில், 250 நானோமீற்றர் துகள் நாளுக்கு 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் கீழிறங்கும். கரித் துகளைவிட இருபத்தைந்து மடங்கு போல வேகம். அதனால் வெள்ளை மையைக் குழாயில் சுற்றி ஓடவிடுகிறார்கள், போத்தலைக் குலுக்கச் சொல்கிறார்கள். உள்ளே காற்று நிரம்பிய பிளாஸ்டிக் உருண்டைகளை டைட்டேனியத்துக்குப் பதிலாகப் போடும் வழியும் உண்டு. பாரம் இல்லை, ஆனால் அவ்வளவு மறைக்காது.

நம் தம்பி இப்போது டீசேர்ட் அடிக்கத் தொடங்கியிருக்கிறான். விளையாட்டுப் போட்டிக்கு, திருவிழாத் தொண்டர்களுக்கு என்று நல்ல ஓட்டம். காலையில் கடை திறந்ததும் வெள்ளை மைப் போத்தலைக் குலுக்குவதுதான் முதல் வேலை. போன கிழமை போனபோது கறுப்புத் துணி ஒன்றை விரித்து, அடிக்க முதல் ஏதோ திரவத்தை விசிறி, சூட்டுத் தட்டில் அழுத்திக்கொண்டிருந்தான். "இது போடாட்டி வெள்ளை துணிக்குள்ள இறங்கிடும் சேர். என்ன மருந்தெண்டு தெரியாது, விலைதான் பொல்லாத விலை" என்றான். போத்தலை வாங்கி லேபலைப் பார்த்தேன். கல்சியம் உப்புத்தான், வெள்ளையைத் துணியின் மேலேயே திரைய வைப்பதற்கு.

சொன்னேன். கொஞ்ச நேரம் போத்தலையே பார்த்தான்.

"அப்ப இது எங்கட கிணத்துத் தண்ணிதானே சேர்!"

நன்றி, வணக்கம்.